யூடியூபில் மகன் பெயர் வந்துவிட்டது, பணம் கட்டலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளி ஹாக்கி அணியில் ஃபார்வர்டு. மாவட்டப் போட்டியில் மூன்று பேரைத் தாண்டி அவன் போட்ட கோல் யூடியூபில் ஓடியது. ‘அடுத்த தன்ராஜ் பிள்ளை’ என்று பத்திரிகையிலும் வந்தது. இப்போது ஒருவர் தேடி வந்து, ஒன்றேமுக்கால் லட்சம் கட்டினால் இந்திய ஜூனியர் முகாமில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். ஒப்பந்தத்திலும் கையெழுத்துக் கேட்கிறார். குறுவை நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பையனிடம் வேகம் இருக்கிறது, பயமும் இல்லை. ஆனால் அது மண் தரை. மண்ணில் பந்து வேகம் செத்து வரும். நிமிர்ந்து நின்றே நிறுத்திவிடலாம். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் அதே பாஸ் சர்ரென்று வந்து சேரும். முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு தாழ்த்தி, வாங்கும்போதே பந்தை அடுத்த திசைக்குத் திருப்ப வேண்டும். தேர்வாளர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பந்து பறிபோனதும் ஓடித் திரும்புகிறானா என்பது அடுத்தது. அந்தச் சின்ன வீடியோவில் இரண்டுமே தெரியவில்லை.

பதினைந்து வயதில் எழுதப்படும் புகழ்ச்சியை நம்பிப் பணம் போடக் கூடாது என்பதற்கு வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியைப் பாருங்கள். அங்கே இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ உண்டு. யாரை எத்தனையாவதாக எடுத்தார்கள் என்பது பதிவில் இருக்கும். 1993-ல் அலெக்சாண்டர் டேகிள் என்ற பையனைப் பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. ஒட்டாவா அணி அவரை முதல் ஆளாக எடுத்து, 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவே இல்லை. 1999-ல் 210-வது ஆளாக எடுக்கப்பட்ட ஹென்ரிக் செட்டர்பெர்க், 2008-ல் அங்கே பெரிய பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற டெட்ராய்ட் அணியில், இறுதிக்கட்டமான பிளே-ஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஊர் ஊராக ஆட்டம் பார்ப்பவர்களுக்கே கணிப்பு இப்படித் தவறுகிறது.

இனி, உங்கள் வீட்டுக்கு வந்த மனிதர். பேப்பரில் பெயர் வந்த வாரமே இப்படிப்பட்டவர்கள் வந்துவிடுவார்கள். ‘முகாம் கட்டணம்’, ‘கிட் செலவு’, ‘மேலே கொடுக்கணும்’ என்று காரணம் மட்டும் மாறும். தேசிய முகாமுக்கு, நாட்டில் ஹாக்கியை நடத்தும் அமைப்பான ‘ஹாக்கி இந்தியா’தான் அழைக்கும். மாநில அணிக்காகத் தேசியப் போட்டிகளில் ஆடுவதுதான் அங்கே போகும் வழி. அதில் விலைக்குக் கிடைக்கும் இடம் கிடையாது. வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றும் அடுத்துச் சொல்வார். அந்தப் பேச்சு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாட்டினால் ஆடத் தடை வருவது பையனுக்குத்தான்.

ஒப்பந்தத்தைப் பற்றி நிதானமாகப் படியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. ‘அப்படியானால் பையன் கையெழுத்துப் போடட்டும், என்ன ஆகிவிடும்’ என்று நினைத்துவிடாதீர்கள். அதே தாளில் அப்பாவின் கையெழுத்தையும் வாங்குவார்கள். ‘பையன் சம்பாதிப்பதில் இத்தனை சதவீதம் தராவிட்டால் நான் தருகிறேன்’ என்று உங்கள் பெயரில் ஒரு வரி இருந்தால், அது உங்கள் கடன் என்று உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள். பையன் கையெழுத்து செல்லாது என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். பாதுகாப்புக்கு என்று கேட்கும் பிராமிசரி நோட்டும், தொகை எழுதாத காசோலையும் அப்படித்தான். சாட்சி என்று மாமாவைக் கூப்பிட்டாலும் அவரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

உங்கள் மகனுக்கான வழி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம், கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்டார். 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்க்கை உண்டு. பையன் இப்போது பத்தாவது என்பதால் பொதுத்தேர்வு முடிந்ததும் 11-ம் வகுப்புக்கு முயலுங்கள். அறிவிப்பை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். எத்தனையோ தேர்வுச் செய்தி முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில்தான் கிராமத்துக்கு வந்து சேருகிறது. பஸ் பிடித்துப் போவதற்குள் பெயர்ப்பதிவு முடிந்துவிடும். இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை, தேர்வை நடத்துபவர்களுக்கு அக்கறை இருந்தால் போதும். வருஷக்கணக்காகச் சொல்லியும் நடக்கவில்லை. புரோக்கர் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான்.

நெல் பணத்தில் நல்ல ஸ்டிக்கும், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின்கார்டும் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். பள்ளி பி.டி. சாரிடம் பேசி, மாதத்தில் சில நாளாவது செயற்கைப் புல் மைதானத்தில் ஆட வையுங்கள். அந்த மனிதரிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், அவர் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காமல் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.