முதல் முறை நாடகப் போட்டிக்குப் போகிறீர்களா? ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

கேள்வி: எங்கள் பள்ளி நாடகக் குழு முதல் முறையாக மாணவர் நாடகப் போட்டி விழாவில் கலந்துகொள்ளப் போகிறது. 9, 10ஆம் வகுப்பு மாணவர்கள் 14 பேர். ஒரு குழுவுக்கு 30 நிமிடம், செட் போடுவதும் அகற்றுவதும் அதற்குள்தான். எட்டு வாரம் இருக்கிறது. ஆண்டு விழாவில் பாராட்டு வாங்கிய நாடகம் ஒன்று கையில் உள்ளது, 35 நிமிடம் ஓடும். அதையே சுருக்கிக்கொண்டு போகலாமா? எதை எப்போது செய்ய வேண்டும்?

பதில்:

போகலாம். ஆனால் 35 நிமிடத்தை 30 ஆக்கினால் போதும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். செட் போட 4 நிமிடம், அகற்ற 2 நிமிடம் போனால் மிச்சம் 24. அதிலும் ஒரு நிமிடம் கையிருப்பாக இருக்க வேண்டும். ஆள் நிறைந்த அரங்கில் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் நடிகர்கள் நின்று பேச வேண்டியிருக்கும், காலியான ஒத்திகை அறையில் அந்த நேரம் கணக்கில் வராது. ஆக, ஒத்திகையில் 23 நிமிடத்தில் முடிகிற நாடகம் வேண்டும். இப்போதிருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும் என்று அர்த்தம்.

இவ்வளவை வரி வரியாகச் சுரண்டி எடுக்க முடியாது. அப்படிச் சுரண்டினால் கதை அப்படியே இருக்கும், பிள்ளைகள் மட்டும் மூச்சு விடாமல் ஓட்டுவார்கள். காட்சியாகத்தான் வெட்ட வேண்டும். எல்லாக் காட்சிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக "இது இல்லாவிட்டால் முடிவு புரியாமல் போகுமா?" என்று கேளுங்கள். புரியும் என்றால் அந்தக் காட்சி போகட்டும். முதலில் போக வேண்டியவை பெரும்பாலும் இவைதான்: கதைசொல்லி வந்து தரும் முன்னுரை, ஏற்கெனவே நாம் பார்த்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் காட்சி, ஒரு பக்கம் மட்டும் பேசும் நீண்ட தொலைபேசி உரையாடல், எல்லாருக்கும் ஒரு வசனமாவது தர வேண்டுமே என்று ஆண்டு விழாவுக்காகச் சேர்த்த பாத்திரங்கள். வெட்டிய பிறகும் 26 நிமிடத்துக்குக் கீழே வரவில்லையென்றால் வேறு பிரதி தேடுவதுதான் நல்லது. அதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பிரதி வேறொருவர் எழுதியது என்றால், மேடையேற்றவும் வெட்டவும் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு வாங்கிய நாடகம்தானே என்று அனுமதி இல்லாமல் போய், விண்ணப்பத்தைச் சரிபார்க்கும்போது சிக்கிக்கொள்ளக் கூடாது.

விதித்தாளை எப்படிப் படிப்பது

விதித்தாளை ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதாது. நீங்கள், உங்கள் உதவி ஆசிரியர், மேடை நிர்வாகியாக இருக்கப்போகும் மாணவர் மூன்று பேரும் தனித்தனியே படியுங்கள். தாளில் தெளிவாக இல்லாதவற்றை அமைப்பாளர்களிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மிக முக்கியமான கேள்வி, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பது. குழுவின் பெயரை அறிவித்தவுடனா, முதல் பொருள் மேடைக்கு வந்தவுடனா, முதல் விளக்கு எரிந்தவுடனா? அடுத்தது, நேரம் தாண்டினால் மதிப்பெண் குறைப்பார்களா, தகுதியே போய்விடுமா? இசை, ஒளி இயக்குபவர்களும் மாணவர்களாகத்தான் இருக்க வேண்டுமா, அவர்களும் 14 பேர் கணக்கில் வருவார்களா? நெருப்பு, தண்ணீர், கண்ணாடி, தூள் போன்றவை மேடையில் அனுமதி உண்டா? உங்கள் நாடகத்தில் விளக்கேற்றும் காட்சி இருந்தால் பேட்டரி விளக்கை வைத்து இன்றைக்கே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடலாம்.

தெரியாத மேடை

பள்ளி அரங்கில் நன்றாக வந்த நாடகம் போட்டியில் சொதப்புவதற்கு நடிப்பைவிட இடம்தான் அடிக்கடி காரணமாகிறது. நடிகர் மூன்று எட்டு வைத்தால் மேசைக்கு வந்துவிடுவார் என்று பழகியிருப்பார். பெரிய மேடையில் ஆறு எட்டு வேண்டும், வசனம் மூன்று எட்டுக்குத்தான் இருக்கும். மிச்ச தூரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஓடுவார்.

அதனால் மேடையின் அகலம், ஆழம், இரண்டு பக்கமும் விங்கில் (பார்வையாளர்கள் கண்ணில் படாத மேடையோரத்தில்) எவ்வளவு இடம், பின்திரைக்குப் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழி இருக்கிறதா என்ற நான்கையும் கேட்டு வாங்குங்கள். அந்த அளவை ஒத்திகை அறைத் தரையில் டேப் ஒட்டி வரையுங்கள். அறை சிறியதென்றால் விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டாவது வாரம் ஒருமுறை முழு அளவில் ஓட்டுங்கள். பின்பக்கம் வழி இல்லாத மேடையில், இடப்பக்கம் வெளியேறியவர் அடுத்த காட்சிக்கு வலப்பக்கத்திலிருந்து வரவே முடியாது. இது விழா நாளன்று தெரிந்தால் நாடகத்தையே மாற்ற வேண்டிவரும்.

இடம், வலம் எல்லாம் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடம், வலம்தான். இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லி, பிரதியிலும் கியூ தாளிலும் (ஒளியும் ஒலியும் எப்போது மாற வேண்டும் என்று குறிக்கும் தாள்) அப்படியே எழுதுங்கள். ஒளி இயக்குபவர் எதிரே உட்கார்ந்திருப்பதால், சொல்லாவிட்டால் அவருக்கு எல்லாம் தலைகீழாகிவிடும்.

செட் போடும் பயிற்சி

இதற்கென்று தனி ஒத்திகை வையுங்கள், வாரத்துக்கு இரண்டு முறை. முதல் முறைப் போட்டியாளர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

விதி எளிது: இரண்டு மாணவர்களால் தூக்க முடியாத எந்தப் பொருளும் செட்டில் இருக்கக் கூடாது. ஆணி அடிப்பதோ திருகாணி முறுக்குவதோ மேடையில் நடக்கக் கூடாது. கதவு வேண்டுமென்றால், மடித்து விரித்தால் தானாக நிற்கும் சட்டகமாகச் செய்யுங்கள். அதன் காலில் மணல் மூட்டை வைத்தால் கதவை அறைந்து சாத்தினாலும் சாயாது.

மற்ற குழுக்களும் அதே மேடையைப் பயன்படுத்துவதால் உங்கள் டேப் குறிகள் அங்கே நிலைக்கும் என்று நம்ப முடியாது. அதற்கு, பொருள்கள் நிற்க வேண்டிய தூரங்களில் முன்கூட்டியே முடிச்சுப் போட்ட கயிறுதான் வழி. மேடையின் முன்விளிம்பின் நடுப்புள்ளியில் ஒருவர் கயிற்றின் நுனியைப் பிடித்து நிற்க, இன்னொருவர் பின்திரையை நோக்கி நேராக இழுத்துப் போகிறார். முதல் முடிச்சு வந்த இடத்துக்கு நேரே பெஞ்சு, இரண்டாம் முடிச்சுக்கு நேரே கதவு. நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதற்குக் குறுக்காக இன்னொரு கயிறு. பெஞ்சைத் தூக்கும் இருவர் முடிச்சில் வைத்துவிட்டு நேராக விங்குக்குப் போய்விட வேண்டும், திரும்பி வந்து நகர்த்திப் பார்க்கக் கூடாது. சரிபார்ப்பது மேடை நிர்வாகி ஒருவரின் வேலை. அவர் கையை உயர்த்தினால் மேடை தயார். இதைப் பேசாமல் செய்யப் பழக்குங்கள். பேசத் தொடங்கினால் 14 பேரும் பேசுவார்கள்.

ப்ராப்பர்ட்டிகளுக்கு, அதாவது நடிகர்கள் கையில் எடுக்கும் பொருள்களுக்கு, விங்கில் ஒரு மேசை ஒதுக்கி, மேலே வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் மார்க்கரில் வரைந்து பெயர் எழுதுங்கள். கடிதம், குடை, செம்பு எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் இருக்கும். காலியான கட்டம் பார்த்தவுடன் கண்ணில் படும்.

எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் வாரம் வெட்டும் வேலையும் வாசிப்பும். உட்கார்ந்து வாசித்து ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். நடமாட்டமும் இடைவெளிகளும் சேரும்போது வாசிப்பு நேரத்தைவிடக் கூடும் என்பதால், வாசிப்பு 19 அல்லது 20 நிமிடத்தில் முடிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 2, 3ஆம் வாரங்கள் பிளாக்கிங்குக்கு: யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது. ஒவ்வொரு நகர்வையும் மேடை நிர்வாகி தன் பிரதியில் பென்சிலால் குறிக்க வேண்டும், பேனாவால் வேண்டாம், நிச்சயம் மாறும்.

நான்காம் வாரம் முடியும்போது கையில் தாள் இருக்கக் கூடாது. இதில் இரக்கம் காட்டாதீர்கள். தாளைப் பிடித்திருக்கும் கை எதையும் தொடாது, கண் எதிரே இருப்பவரைப் பார்க்காது. உண்மையான நடிப்பு தாள் போன பிறகுதான் தொடங்கும், அதற்கு நான்கு வாரமாவது மிச்சமிருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம் உண்மையான செட், ப்ராப்பர்ட்டி. ஆறாம் வாரம் இசையும் ஒளியும். விளக்கு இல்லாவிட்டாலும், ஒளி இயக்கும் மாணவர் "கியூ 7, போ" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். ஏழாம் வாரம் முழு உடை, ஒப்பனையோடு இரண்டு ஓட்டம், அதில் ஒன்றாவது நாடகத்தைப் பார்த்தே இராத ஒரு வகுப்புக்கு முன்னால். கடைசி வாரம் எதையும் மாற்றாதீர்கள். புதிதாக ஒரு நல்ல யோசனை கட்டாயம் வரும், அதை அடுத்த ஆண்டுக்கு எழுதி வையுங்கள்.

14 பேரில் யாராவது காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வது? விதி இடம் கொடுத்தால், சிறிய வேடத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பெரிய வேடத்தைக் கற்றுவைத்திருக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் ஒரு நாள் முக்கிய நடிகரை உட்காரவைத்துவிட்டு மாற்று நடிகரோடு ஓட்டிப் பாருங்கள்.

குரல்

கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, கேட்காதபோதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கை வாக்கியத்தின் முடிவில்தான் எழும். "நான் அந்தக் கடிதத்தை எரிக்கவில்லை" என்று ஒரு பெண் சொல்கிறாள். "அந்தக் கடிதத்தை" வரை தெளிவாக வருகிறது, மூச்சு தீர்ந்து கடைசியில் "எரிக்க…" என்று தேய்கிறது. அவள் எரித்தாளா இல்லையா என்பது அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தச் சேதம் அதிகம். "சத்தமாகப் பேசு" என்றால் குழந்தைகள் தொடக்கத்தைத்தான் கத்துவார்கள். மூச்சு எங்கே எடுப்பது என்று பிரதியில் குறித்துக் கொடுத்து, கடைசிச் சொல்லை மட்டும் பத்து முறை சுவரில் மோதுகிற மாதிரிச் சொல்லவையுங்கள். மைக்கை நம்பி இருக்காதீர்கள். மேடை முன்னால் வைக்கும் மைக் வசனத்தோடு காலடிச் சத்தத்தையும் சேர்த்தே அனுப்பும்.

வசனம் மறந்தால் விங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது அரங்கு முழுக்கக் கேட்கும். அதற்குப் பதில் ஒத்திகையில் ஒருவரை வேண்டுமென்றே ஒரு வசனத்தை விடச் சொல்லி, எதிரே இருப்பவர் கேள்வி கேட்டு மீட்கும் பயிற்சி கொடுங்கள். "கடிதம் என்ன ஆச்சு, சொல்லு" என்றால் வண்டி மறுபடி தண்டவாளத்துக்கு வந்துவிடும்.

ஒளியும் ஒலியும்

குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். 23 நிமிட நாடகத்துக்கு 12 ஒளி மாற்றம் தாராளம். காட்சிக்குக் காட்சி விளக்கை அணைத்தால், ஒவ்வொரு இருட்டும் பத்து வினாடி என்றாலும் ஆறு இருட்டில் ஒரு நிமிடம் போய்விடும், பார்வையாளர்களும் ஒவ்வொரு முறையும் கதையிலிருந்து வெளியே வந்து போவார்கள். வெளிச்சத்திலேயே நடிகர்கள் பொருளை எடுத்துப்போய்க் காட்சியை மாற்றுவது வேகமானது, பார்க்கவும் அழகு.

கியூ தாளில் எண், எந்த வசனம் முடிந்ததும், என்ன மாற்றம், எத்தனை வினாடியில் என்ற நான்கும் இருக்க வேண்டும். "சோகமான இடத்தில் நீலம்" என்று எழுதினால் புதிய அரங்கின் ஒளி அமைப்பாளருக்கு எதுவும் புரியாது. ஒலிக் கோப்புகளை 01, 02 என்று எண்ணிட்டு, ஒவ்வொரு கியூவுக்கும் தனிக் கோப்பாக, இரண்டு பென் டிரைவிலும் ஒரு மடிக்கணினியிலும் வையுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்ட வேண்டாம். கைப்பேசியில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் அதை விமானப் பயன்முறையில் வையுங்கள், மரணக் காட்சியில் அழைப்பு மணி ஒலிக்க வேண்டாம்.

விழா நாள்

மேடை ஒத்திகைக்கு நேரம் கிடைத்தால் அதில் நாடகத்தை முழுதாக ஓட்டாதீர்கள், பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். செட்டைக் கயிற்றோடு ஒருமுறை வையுங்கள், எல்லாரும் நுழைந்து வெளியேறிப் பார்க்கட்டும், பிறகு வசனத்தைத் தாண்டித் தாண்டிக் கியூ மட்டும். கடைசியாக மிகச் சன்னமாகப் பேசும் நடிகர் நான்கு வரி பேச, நீங்கள் பின்வரிசையில் நின்று கேளுங்கள்.

பையில் ஊக்கு, ஊசி நூல், கத்தரிக்கோல், கறுப்பு டேப், டார்ச், கூடுதல் பேட்டரி, பிளாஸ்திரி, சானிட்டரி நாப்கின், கூடுதல் பிரதி இருக்கட்டும். ஒட்டுமீசைக்கான பசையை அன்றைக்குத்தான் முதல்முறை பூசுவது என்று வைக்காதீர்கள், ஒரு நாள் முன்னதாக முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவிப் பார்த்துவிடுங்கள். கண்மையை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள், ஒருவரின் கண் தொற்று குழுவுக்கே பரவும். நாடகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், உடை மாற்றிய பிறகு தண்ணீர் மட்டும்.

கடைசி விளக்கு அணைந்ததும் குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கடிகாரமோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு விங்குக்கு ஓடாமல், அவரவர் தூக்க வேண்டிய பொருளை நோக்கியே போகும்படி ஒத்திகையில் சேர்த்துப் பழக்குங்கள். நடுவர்கள் பேசும்போது ஒருவர் எழுதிக்கொள்ளட்டும், மற்றவர்கள் கேட்கட்டும், யாரும் விளக்கம் சொல்ல எழ வேண்டாம். கேள்வி கேட்க வாய்ப்புத் தந்தால் "ஏன் மதிப்பெண் குறைந்தது" என்று கேட்காமல், "எந்த இடத்தில் கதை புரியவில்லை, எந்த வசனம் கேட்கவில்லை" என்று கேளுங்கள்.