எண்ணிப் போடும் இலக்கணத்தை மூளை ஏற்குமா?

கேள்வி இது: பெங்களூரு அல்சூரில் வளரும் குழந்தை தமிழ், கன்னடம், இந்தி மூன்றையும் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் எந்த விதியை வைத்தும் ஒரு மொழி இருக்க முடியுமா?

முடியாது. தமிழின் "நான் நாளைக்கு வரல", அதையே சொல்லும் கன்னடத்தின் "நானு நாளெ பரல்ல" இரண்டிலும் எதிர்மறை வினையோடு ஒட்டுகிறது. இந்தியின் 'நஹீ' பொதுவாக வினைக்கு முன்னால் வரும். 'மூன்றாவது சொல்லுக்குப் பின் இல்லை போடு' என்று எண்ணிப் பார்க்கும் இயல்பான மொழி இதுவரை கண்டறியப்படவில்லை. 2003இல் வெளியான ஆய்வொன்றில் ஜெர்மன்காரர்களுக்கு இத்தாலிய, ஜப்பானிய விதிகளோடு இத்தகைய போலி விதிகளையும் கற்பித்தார்கள். இரண்டையும் கற்றார்கள். ஆனால் மொழியைக் கையாளும் இடமான, மூளையின் இடப்பக்க புரோக்கா பகுதி, உண்மை விதிகளில் தேர்ச்சி கூடியபோதுதான் கூடுதலாக இயங்கியது. போலி விதியை மூளை புதிராகத்தான் அவிழ்க்கிறது என்பதே என் வாசிப்பு.

அடுத்த வரம்பு நினைவாற்றல். இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்: "குமார் மாலா ரவி வந்தான் என்று சொன்னாள் என்று நினைத்தான்." இலக்கணம் சரி, ஆனாலும் தடுக்கும். மூன்று எழுவாய்கள், வேற்றுமை உருபு எதுவுமின்றி ஒரே மாதிரி நின்று வினைக்குக் காத்திருக்கின்றன, ஒன்றோடொன்று குழம்புகின்றன. உடனடி நினைவில் ஒரு நேரத்தில் ஏறக்குறைய 4 கூறுகளே தங்கும். "ரவி வந்தான் என்று மாலா சொன்னதாகக் குமார் நினைத்தான்" என்று மாற்றினால் ஒவ்வொரு பெயரும் தன் வினையைச் சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது. பேச்சில் நாம் தானாகவே செய்வது இதைத்தான்.

பேச்சின் வேகத்திலும் ஓர் எல்லை தெரிகிறது. 2019இல் 17 மொழிகளை அளந்தபோது தகவல் வேகம் சராசரியாக வினாடிக்கு 39 பிட் (தகவலை அளக்கும் அலகு) அளவில் நின்றது. ஜப்பானியர் அசைகளை வேகமாக அடுக்குகிறார்கள். வியட்நாமியர் மெதுவாக, ஒவ்வோர் அசையிலும் கூடுதலாகத் திணிக்கிறார்கள்.