அரச திருமண நாணயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் பணிபுரிந்த என் பெரியப்பாவின் பெட்டியில், சார்லஸ், டயானா இருவரின் உருவம் பொறித்த 1981ஆம் ஆண்டு நாணயம் ஒன்று இருந்தது. இதற்குப் பெருந்தொகை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அவ்வாண்டு ஜூலை 29 அன்று செயின்ட் பால் பேராலயத்தில் நடந்த திருமணத்துக்காக, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் இந்த நாணயம் 2 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமாக அச்சடிக்கப்பட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இதைச் செலவழிக்காமல், உங்கள் பெரியப்பாவைப் போலவே பத்திரப்படுத்தி வைத்ததால், இன்றும் புத்தம்புதிதாகத் தாராளமாகக் கிடைக்கிறது. எல்லோரும் காப்பாற்றி வைக்கும் பொருள் அரிதாவது எப்படி?

கேள்வி: நாணயத்தில் மதிப்பே குறிப்பிடப்படவில்லையே?

பதில்: இது 25 பென்ஸ். ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பழைய ‘கிரவுன்’ நாணயம் பவுண்டில் கால் பங்கு என்பதால், 1971இல் தசம முறை வந்தபின் அந்தக் கணக்கே தொடர்ந்தது. 1990 முதல்தான் கிரவுனின் முகமதிப்பு 5 பவுண்டாக உயர்ந்தது. ஆகவே 1981 நாணயத்தை 5 பவுண்டு என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது வெள்ளியா என்று எடைபோட்டு அறியலாமா?

பதில்: எடை மட்டும் உதவாது. இந்த நாணயம் வெள்ளியிலும் வெளிவந்தது, அதுவும் செம்பு-நிக்கல் நாணயமும் 28.28 கிராம்தான், விட்டமும் ஒன்றே. தராசின் மீது நீர் நிறைந்த குவளையை வைத்து, நூலில் கட்டிய நாணயத்தை அடியில் படாமல் மூழ்கவிட்டால், தராசு காட்டும் எடை வெள்ளிக்கு ஏறத்தாழ 2.7 கிராமும், கலப்புலோகத்துக்கு ஏறத்தாழ 3.2 கிராமும் கூடும். கண்ணாடிபோல் மின்னும் பரப்புடைய ‘ப்ரூஃப்’ வெள்ளி நாணயங்கள் 2 லட்சத்துக்குச் சற்று அதிகமாக வெளிவந்தன.

கேள்வி: கறுத்துப்போன நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை நாணயத்துக்குச் செய்தால், மேற்பரப்பு கெட்டு, இருக்கும் சிறு விலையும் போய்விடும்.

கேள்வி: மணநாள் ஆண்டு நிறைவுக்கும் நாணயங்கள் உண்டா?

பதில்: உண்டு. எலிசபெத் அரசியும் பிலிப்பும் 1947 நவம்பர் 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மணந்தனர். அவர்களுடைய பொன்விழாவுக்கு 1997இல் வந்த நாணயத்தில் தம்பதியர் இருவர் முகமும் இணைந்து காணப்படும். 2007இன் வைரவிழா நாணயத்தில் அந்த அபேயின் வட்டவடிவச் சாளரம் இடம்பெற்றது. எனினும், 1972இன் வெள்ளிவிழா நாணயமே என் தேர்வு. அதை வடிவமைத்த அர்னால்ட் மேச்சின் அதன் பின்புறத்தில் முகங்களைத் தவிர்த்து, மகுடத்தின் கீழே இருவர் பெயரின் முதலெழுத்துகளையும், பூமாலையையும், காதல் தெய்வமான ஈரோஸையும் வரைந்தார். விலையும் குறைவுதான்.