வாசகர் கேள்விகள்: சாரணர் இயக்கம் இராணுவப் பயிற்சியா?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பள்ளியின் சாரணர் படையில் சேர விரும்புகிறான். ஆங்கிலேய இராணுவ அதிகாரி தொடங்கிய இயக்கம் என்பதால், இது பிள்ளைகளை அடிபணியப் பழக்கும் இராணுவப் பயிற்சியோ என்று என் தந்தையார் ஐயுறுகிறார். விளக்குவீர்களா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தங்கள் தந்தையாரின் ஐயம் காரணமற்றதன்று. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 1899-1900இல் 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது அதைக் காத்து நின்ற படைத்தலைவர். அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டுசெல்லும் பணியைப் பொறுப்புடன் செய்ததைக் கண்டது அவர் மனத்தில் தங்கிவிட்டது. சாரணர் என்ற சொல்லுக்கே ஒற்றர் என்னும் பழம்பொருள் உண்டு.

ஆயினும் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் முகாமைப் பார்த்தால் நோக்கம் வேறு என்பது விளங்கும். பெருஞ்செல்வர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்தும் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்தும் ஏறத்தாழ 20 சிறுவர்களை வரவழைத்து, அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அதிலுள்ள ஒரு சிறுவனின் பொறுப்பிலேயே விட்டார். வர்க்க வேற்றுமை ஆழமாக வேரூன்றியிருந்த அந்நாட்டில், ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து உண்ணச் செய்தது சிறிய செயலன்று. முடிச்சும் முதலுதவியும் வேறெங்கும் கற்கலாம். ஒத்த வயதினர் ஆறேழு பேரைத் தானே வழிநடத்தும் பொறுப்பை ஒரு சிறுவனை நம்பி ஒப்படைக்கும் அணிமுறையே இவ்வியக்கத்தின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

எந்தச் சமூக வர்க்கத்தைச் சேர்ந்தவராயினும் சாரணர் அனைவரும் உடன்பிறந்தாரே என்று 1908இல் வெளிவந்த சாரணர் விதிகளிலேயே எழுதப்பட்டது. அந்த விதியைத் தொடக்கத்தில் மீறியது நம் நாட்டை ஆண்டவர்கள்தாம். 1909இல் பெங்களூரில் முதற்படை அமைந்தபோது ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு அடைபட்டிருந்தது. இதை ஏற்காத அன்னி பெசன்ட் அம்மையார், தம்முடன் பணியாற்றிய ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அச்சிறுவர்கள் தலைப்பாகை அணிந்தார்கள், இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தனர். பெசன்ட்டின் சங்கம் 1921இல் பேடன் பவலின் வருகையையொட்டி அவருடைய அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்றுதான் பாரத சாரணர் அமைப்பு ஒன்றுபட்டு உருவாயிற்று. ஆள்வோரின் இயக்கமாக வந்ததை, அதன் விதியையே எடுத்துக்காட்டி நம்மவர் தமதாக்கிக்கொண்டனர் என்பதைத் தங்கள் தந்தையாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. சில பள்ளிகளில் குடியரசு நாள் அணிவகுப்போடு சாரணர் பணி முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் முகாமுக்கு அழைத்துச் செல்கிறார்களா, பிள்ளைகளே சமைத்துக் கூடாரம் அமைக்கிறார்களா, அணித்தலைவனின் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டா என்று விசாரித்துச் சேருங்கள்.

கேள்வி: பெண்பிள்ளைகள் சேரலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாராளமாக. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் தாமாகவே சீருடையில் வந்து நின்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டனர். அதன் பயனாக 1910இல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் சாரணியர் இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் 1951 முதல் சாரணரும் சாரணியரும் ஒரே அமைப்பில் உள்ளனர். பள்ளியில் சாரணியர் படை இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால், தொடங்கும்படி மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.