ஆரோகணம் அவரோகணம் மனப்பாடம் செய்தால் ராகம் பிடிபடுமா?

ஐம்பது ராகங்களின் ஆரோகணம் அவரோகணத்தை, அதாவது ஸ்வரங்கள் ஏறும் இறங்கும் வரிசையை, மனப்பாடம் செய்தும், யாராவது பாடினால் என்ன ராகம் என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வயது வந்த பிறகு பாட்டு கற்க ஆரம்பித்தவராகத்தான் இருக்க வேண்டும், குழந்தைகள் இப்படி நோட்டு போட்டு உருப்போடுவதில்லை.

நானும் 35 வயதில்தான் சேர்ந்தேன். 72 மேளகர்த்தா ராகங்களையும், அதாவது தாய் ராகங்களையும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் கொஞ்சம் ஆலாபனை (வார்த்தைகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) பாடிவிட்டு, என்ன ராகம் என்று கேட்டார். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ, எல்லாம் சரியாகக் காதில் பிடித்து 'ஆரபி' என்றேன். பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பெண் 'தேவகாந்தாரி' என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நான் விடவில்லை, நோட்டைத் திறந்து இரண்டுக்கும் ஒரே ஸ்வரங்கள்தானே என்று வாதாடினேன். "முதல்ல அந்த நோட்டை மூடுங்க" என்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னது இன்றைக்கும் வலிக்கிறது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதற்கப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடிக் காட்டினார் பாருங்கள், அந்தக் கால் மணி நேரத்தில்தான் ராகம் என்றால் என்னவென்றே எனக்குப் புரிந்தது. ஆரபி விறுவிறுவென்று, தாளம் போடாமலே துள்ளலாகப் பாடும் தானம் மாதிரி நடக்கிறது, காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) மத்தியமத்தையும் (ம) ஷட்ஜத்தையும் (ஸ) ஒட்டி லேசாக வந்துவிட்டுப் போகின்றன, எங்கேயும் அவற்றில் நிற்பதில்லை. தேவகாந்தாரிக்கு அவசரமே கிடையாது. ரிஷபத்தை (ரி) நீட்டி, அசைத்து, இழைந்து இழைந்து போகிறது. ஸ்வரம் ஒன்றுதான், கமகமும் (ஸ்வரத்தை அசைக்கும் விதம்) நடையும் வேறு.

ஸ்வர ஞானமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மோகன ராகத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக, அதாவது தொடக்க ஸ்வரமாக, வைத்து அதே ஸ்வரங்களைப் பாடினால் மத்தியமாவதி ராகம் வரும், காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம் வரும், இதெல்லாம் கணக்கு தெரியாமல் புரியாது. அந்தக் கணக்கு காது பழகிய பிறகு வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கச்சேரிக்குப் போங்கள், முடிந்தால் முன் வரிசையில் உட்காருங்கள். தனி ஆவர்த்தனம் வந்தால் மட்டும் தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். இத்தனை ராகம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்கூட மிருதங்கம் தனியாக ஆரம்பித்ததும் காபி குடிக்கக் கிளம்புகிறார்கள், வாசிப்பவர் முகத்துக்கு நேராக. எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

சரி, உங்களுக்கு வருகிறேன். தியாகராஜர் ஆரபியில் 'சாதிஞ்சனே' செய்திருக்கிறார், தேவகாந்தாரியில் 'க்ஷீரசாகர சயன' செய்திருக்கிறார். ஒரு வாரம் இந்த இரண்டை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள், நோட்டைத் திறக்காமல்.