கரும்பு ரகத்தை முழுதாக வரிசைப்படுத்தலாமா, நாற்றுகளைச் சோதிக்கலாமா?

கேள்வி: கரும்பு இனவிருத்தியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கில் கலப்பு நாற்றுகள் வருகின்றன. ஆர்570 என்ற கரும்பு ரகத்தின் மரபணுத்தொகை (முழு டிஎன்ஏ எழுத்து வரிசை) வெளியாகிவிட்டது. கையில் இருக்கும் சிறிய நிதியில் எங்கள் முதன்மைத் தாய் ரகத்தையும் அதுபோல் முழுமையாக வரிசைப்படுத்தலாமா, அல்லது நாற்றுகளைச் சோதிக்கச் செலவிடலாமா?

பதில்: நாற்றுகளுக்கே செலவிடுங்கள். அதிலும் ஒரு பங்கை வயல் அளவீட்டுக்கு ஒதுக்குங்கள். முழு வரிசை ஆய்வுக் கட்டுரைக்கு அழகு சேர்க்கும். ஆனால் எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்பதை அது சொல்லாது.

இன்றைய வணிக ரகங்கள், சர்க்கரை மிகுந்த சாக்கரம் அஃபிசினாரமும் நோய் தாங்கும் காட்டினமான சாக்கரம் ஸ்பான்டேனியமும் கலந்து பிறந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலும் கோயம்புத்தூரிலும் நடந்த அந்தக் கலப்புகளின் விளைவாக, ஒரு செல்லில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் குவிந்துவிட்டன. பெரும்பகுதி இனிப்புக் கரும்பிலிருந்து வந்தது. 10 முதல் 20 சதவீதம் காட்டுக் கரும்பினுடையது. மிச்சம் இரண்டும் ஒட்டிக் கலந்தவை. ஒரே மரபணு ஏறத்தாழ 12 பிரதிகளில் இருக்கக்கூடும். அந்தப் பிரதிகளும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும். வரிசைத் துண்டுகளை ஒட்டும்போது எது எந்தப் பிரதியைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதுதான் உண்மையான தலைவலி.

அதனால்தான் சோளத்தின் வரிசை 2009-இலேயே கிடைத்தும் கரும்பு பின்தங்கியது. 2018-இல் வந்த ஆர்570-இன் முதல் வரைவு, சோளத்தை வழிகாட்டியாகக் கொண்டு, எல்லாப் பிரதிகளுக்கும் பதிலாக ஒன்றை மட்டும் காட்டியது. 2024 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியான வரிசையோ 870 கோடி எழுத்துகள் கொண்டது. மனித மரபணுத்தொகையே சுமார் 310 கோடிதான். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வேறுபாடே இல்லாத பிரதிகள் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். எனவே ஓர் இடத்தில் எத்தனை பிரதிகள் என்பதை வரிசையின் நீளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள்.

இவ்வளவு கருவிகளையும் பல நாட்டு ஆய்வுக்குழுக்களையும் விழுங்கிய வேலையை, சிறிய நிதியில் இன்னொரு ரகத்துக்குத் திரும்பச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: உங்கள் தாய் ரகத்தில் புதிய காட்டினத்திலிருந்து கொண்டுவந்த பண்பு இருந்தால், ஆர்570-இல் இல்லாத மரபணுக்கள் அதில் இருக்கும். அப்போது அந்த ரகத்தை நீள்துண்டு முறையில் (டிஎன்ஏவை நீளமான துண்டுகளாகப் படிக்கும் முறை) வரிசைப்படுத்துவதில் பொருள் உண்டு.

நாற்றுச் சோதனையில் முதல் வேலை, நாற்று உண்மையில் அந்தக் கலப்பில் பிறந்ததா என்று பார்ப்பது. தன்மகரந்தச் சேர்க்கையும் வெளி மகரந்தமும் கரும்பில் சாதாரணம். சில நூறு குறிப்பான்களே (ரகத்துக்கு ரகம் மாறுபடும் டிஎன்ஏ அடையாள இடங்கள்) இதற்குப் போதும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் பல ஆண்டுகள் வளர்த்துக்கொண்டிருப்பதை இது தடுக்கும்.

அடுத்து, ஒற்றை மரபணுப் பண்புகள். பழுப்புத் துருநோயை எதிர்க்கும் புரூ1 என்ற மரபணு ஆர்570-இல் ஒரே பிரதியில்தான் இருக்கிறது. ஆயினும் ஓங்குதன்மை உடையது என்பதால் அந்த ஒன்றே போதும். குறிப்பான் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தாலே நாற்றைத் தரம் பிரிக்கலாம். ஆனால் குறிப்பான் இல்லாத நாற்றையெல்லாம் கழித்துவிட வேண்டாம். வேறு மரபணுக்களால் எதிர்ப்புத் தரும் ரகங்களும் உண்டு.

சர்க்கரை அளவு, கரும்பு எடை போன்றவற்றில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். அங்கே குறிப்பான் இருப்பது மட்டும் போதாது, எத்தனை பிரதிகளில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பத்துப் பிரதிகள் கொண்ட ஓர் இடத்தை வரிசைக் கருவி 30 முறை படித்தால், ஒரு பிரதி இருக்கும் நாற்றில் சராசரியாக 3 முறையும், இரண்டு இருக்கும் நாற்றில் 6 முறையும் குறிப்பான் தென்படும். தற்செயல் ஏற்ற இறக்கத்தில் இந்த இரண்டும் கலந்துவிடும். 100 முறை படித்தால் 10, 20 என்று ஓரளவு விலகும். அப்போதும் முழுத் தெளிவு வராது. இருமடியப் பயிர்களுக்கு (ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதிகளே உள்ளவை) பழகிய ஆழத்தை, அதாவது ஓர் இடத்தைப் படிக்கும் எண்ணிக்கையை, இங்கே கொண்டுவராதீர்கள். மென்பொருளையும் பன்மடியப் பயிருக்கென (பல பிரதிகள் உள்ளது) எழுதப்பட்டதாகத் தேர்ந்தெடுங்கள். முழுத்தொகையைத் தொடாமல், தேர்ந்த சில ஆயிரம் இடங்களை மட்டும் ஆழமாகப் படித்தால் செலவும் அடங்கும்.

இந்த அளவீடுகளைக் கொண்டு, நாற்றின் திறனைக் கணிக்கும் தேர்வு மாதிரியை உருவாக்கும்போது, நடவுப்பயிரோடு மறுதாம்பையும் (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் பயிர்) அளந்த தரவு தேவை. தனி நாற்றின் தோற்றத்தை வைத்துக் கரும்பு எடையைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல. பிரிக்ஸ் அளவு (சாற்றில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவற்றின் அளவு) அதைவிடப் பரவாயில்லை. பெற்றோரைத் தேர்வதற்கான மதிப்பும் ரகமாக வெளியிடுவதற்கான மதிப்பும் வேறு. கரணை (தண்டுத் துண்டு) மூலம் பெருகும் பயிரில் மரபணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தரும் விளைவும் அப்படியே அடுத்த பயிருக்குப் போகும். எனவே வெளியீட்டுக் கணிப்பில் அதையும் சேருங்கள்.

கழித்த நாற்றுகளில் ஒரு பகுதியின் இலைகளையும் உலர்த்தி, அளவீடுகளோடு பாதுகாத்து வையுங்கள். நல்லவற்றை மட்டுமே பார்த்துப் பழகிய கணிப்பு மாதிரிக்கு மோசமான நாற்றை அடையாளம் காணத் தெரியாது.