கூரையைத் தூக்க நாலு பேர்

கேள்வி: அமெரிக்காவின் ஹாட் ராட் கார் வீடியோக்களைப் பார்த்துப் பைத்தியமே பிடித்துவிட்டது. மட்கார்டு கிடையாது, பானெட் கிடையாது, இன்ஜின் வெளியே தெரிகிறது. நண்பர்கள் சேர்ந்து வீட்டு கராஜிலேயே கட்டுகிறார்களாம். நிஜமாகவே முடியுமா? நாங்கள் நாலு பேர் இங்கே முயற்சி செய்யலாமா? – கோவை வாசகர்

பதில்: முடியும். அந்தக் கலை பிறந்ததே அப்படித்தான். 1930களில் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு மாடல் ஏ கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். எடை குறைய மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, முரோக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் விரட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு தன் மலிவுக் காரிலேயே எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜினைக் கொடுத்தது. 65 குதிரைத்திறன்தான், இன்றைக்கு நம் சின்னக் காரிலேயே அதற்கு மேல் இருக்கிறது. ஆனால் மாடல் ஏ-யில் இருந்தது 40. அப்புறம் என்ன, லேசான பழைய பாடிக்குள் புது இன்ஜின் ஏறியது.

வேலை நிமித்தம் கலிபோர்னியாவில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் 1931 மாடல் ஏ ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த நண்பர்களில் ஒருவருக்கு லேத் வேலை தெரியும், ஒருவருக்கு வயரிங், ஒருவர் சீட் தைப்பவர். கூலி கிடையாது. இன்று உன் கார், நாளை என் கார், அவ்வளவுதான் கணக்கு. எனக்குக் கிடைத்தது விளக்குப் பிடிக்கிற உத்தியோகம்.

கார் தாழ்வாகத் தெரிய, கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டிக் கூரையை மூன்று அங்குலம் இறக்கிய நாளைச் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன்பே கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துவிட்டார்கள். இல்லையென்றால் பாடி விரிந்து, கதவு சாத்தவே சாத்தாது. தூண்களில் டேப் ஒட்டிக் கோடு போட்டு வெட்டினார்கள். மூலைக்கு ஒருவராக நாலு பேர் கூரையைத் தூக்க, வெட்டிய துண்டுகளை எடுத்துவிட்டு மெல்ல இறக்கினார்கள். மூலைக்கு மூலை எடுத்த குறுக்களவு இரண்டும் சரியாக வரும்வரை யாரும் கையை எடுக்கவில்லை. பிறகு இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வெல்டிங். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். மாடல் ஏ-யின் கண்ணாடிகள் தட்டையானவை என்பதால், அளவுக்கு வெட்டிப் பொருத்துவதும் சுலபம்.

ஆனால் ஒன்று. நட்பெல்லாம் பாடியோடும் சீட்டோடும் நிற்கட்டும். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், ஸ்டியரிங், பிரேக் மூன்றிலும் தேர்ந்த கைதான் பட வேண்டும். வீடியோக்களில் எல்லோரும் இன்ஜினைத்தான் காட்டுவார்கள். நானாக இருந்தால் முதலில் பிரேக்கைக் கேட்பேன். மாடல் ஏ-யில் இருப்பது கம்பி இழுத்துப் பிடிக்கிற மெக்கானிக்கல் பிரேக். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு வந்ததே 1939 மாடலில்தான். பழைய ராட்காரர்கள் அந்த பிரேக்கைத் தேடிப்பிடித்து மாட்டினார்கள். இன்ஜினிலும் ஒரு தொல்லை உண்டு. பழைய ஃபோர்டு வி8-இல் சூடான புகை, பிளாக் என்கிற இன்ஜின் உடலின் உள்ளேயே சுற்றித்தான் வெளியேறும். அதனால் சீக்கிரம் சூடேறும். ரேடியேட்டரில் கஞ்சத்தனம் கூடாது.

இனி நம் ஊர் விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் வந்த வின்டேஜ் பதிவும் 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான். ஆகவே ஹாட் ராட் கட்டி அவிநாசி ரோட்டில் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். நாலு பேரும் சேர்ந்து, ஆர்.சி. சரியாக இருக்கிற ஒரு பழைய அம்பாசடரையோ பியட்டையோ வாங்கி அசலாகப் புதுப்பியுங்கள். டிங்கரிங், வயரிங், சீட் எல்லாம் அதிலேயே கைக்கு வரும். வாங்குவதற்கு முன் வண்டியைத் தூக்கிவைத்து, தரைத்தகட்டில் துரு எவ்வளவு என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலையை இறக்குங்கள்.